மூளைப் பகுதி மாஸ்க்: சத்தமே இல்லாமல் நடக்கும் தவறுகள்

எம்ஆர்ஐ படத்திலிருந்து ஹிப்போகேம்பஸ், அமிக்டலா போன்ற ஒரு மூளைப் பகுதிக்கு மாஸ்க், அதாவது அந்தப் பகுதியை மட்டும் குறித்துக் காட்டும் படம், எடுக்க உட்காருகிறவர்கள் முதலில் கவலைப்படுவது எல்லைக் கோட்டைப் பற்றித்தான். எந்த வோக்சலை (படத்தின் முப்பரிமாணப் புள்ளியை) சேர்ப்பது, எதை விடுவது? நியாயமான கவலை. ஆனால் ஒரு ஆய்வையே கவிழ்த்துப்போடும் தவறுகள் எல்லைக் கோட்டில் நடப்பது குறைவு. இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். ஒரு பகுதியைக் குறிக்கும் 17 என்ற லேபிள் எண்ணோடு பக்கத்துப் பகுதியின் 18-உம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாஸ்க் ஒரு ஆயவெளியிலும் (ஆள்கூற்று அமைப்பிலும்) படம் இன்னொன்றிலும் இருக்கும். இவற்றில் எதற்கும் மென்பொருள் பிழைச் செய்தி காட்டாது. கோப்பு ஒழுங்காகச் சேமிக்கப்படும், கன அளவு ஒரு எண்ணாக வரும், அந்த எண் பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும்.

மாஸ்க் என்பது 0, 1 என்று நிரப்பிய ஒரு முப்பரிமாணக் கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தின் ஒவ்வொரு செல்லும் தலைக்குள் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதைக் கோப்பின் ஹெட்டரில் (தலைப்புத் தகவலில்) உள்ள அஃபைன் அணி என்ற எண் அட்டவணை சொல்கிறது. அதனால் இரண்டு கோப்புகளின் நீள அகல உயரம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாக ஆகாது. அஃபைனும் ஒத்துப்போக வேண்டும். இந்த ஒரு சோதனையை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எழுதிவைத்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது.

படமும் திசையும்

உடற்கூற்று மாஸ்க்குக்கு அடிப்படை, மூன்று திசையிலும் 1 மில்லிமீட்டர் வோக்சல் கொண்ட டி1 படம் (வெண்திசு வெளிச்சமாகவும் திரவம் கருப்பாகவும் தெரியும் எம்ஆர்ஐ வகை). எம்பிரேஜ் போன்ற ஸ்கேன் வரிசையில் எடுத்தது. மருத்துவத் தேவைக்கு எடுத்த, 5 மில்லிமீட்டர் தடிமன் ஸ்லைஸ் கொண்ட படத்தில் அமிக்டலா மூன்று, நான்கு ஸ்லைஸ்களில் முடிந்துவிடும். அதில் கையால் வரைவது ஊகம்தான். அப்படிப்பட்ட படம் மட்டுமே கைவசம் இருந்தால், ஃப்ரீசர்ஃபர் என்ற மூளைப் பட மென்பொருளோடு வரும் சின்த்செக் என்ற பகுதி பிரிக்கும் கருவி ஓரளவு கைகொடுக்கும். எந்த கான்ட்ராஸ்ட், எவ்வளவு தடிமன் என்று பார்க்காமல் வேலை செய்யும்படி பயிற்றுவிக்கப்பட்ட வலைப்பின்னல் அது. ஆனால் அது தரும் 1 மில்லிமீட்டர் வெளியீட்டைப் பார்த்து, படத்தில் இல்லாத நுணுக்கம் எங்கிருந்தோ வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அங்கே இருப்பது வழக்கமான மூளை எப்படி இருக்கும் என்ற முன்னறிவு.

ஸ்கேனர் தரும் டைகாம் வடிவத்திலிருந்து ஆய்வுக்கான நிஃப்டி வடிவத்துக்கு மாற்ற டிசிஎம்டுநிக்ஸ் நிரல் போதும். மாற்றியதும் ஹெட்டரைத் திறந்து வோக்சல் அளவு, பரிமாணம், திசையைச் சொல்லும் க்யூஃபார்ம், எஸ்ஃபார்ம் குறியீடுகள் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு குறியீடும் 0 என்றால் திசைத் தகவலே கோப்பில் இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றியபடி ஊகிக்கும். பழைய அனலைஸ் வடிவம் வழியாக ஒருமுறை போய்வந்த படங்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த வடிவம் இட-வலத்தை நம்பகமாகச் சேமிக்காது.

இட-வலம் மாறியிருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். மூளை ஏறக்குறைய சமச்சீரானது. வலது முன்மடலும் இடது பின்மடலும் சற்று முன்தள்ளியிருப்பது பொதுப் போக்கு, ஆனால் ஒரு தனி மனிதரின் படத்தில் அதைச் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஸ்கேன் எடுக்கும்போதே நெற்றியின் ஒரு பக்கத்தில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுவது பழைய உத்தி, இன்றும் அதைவிட மேலானது இல்லை. டி1 படத்தில் பளிச்சென்று தெரியும். எந்தப் பக்கம் ஒட்டினார்கள் என்று எழுதிவைக்க மறந்துவிட்டால் மட்டும் பயனில்லை!

எஃப்எஸ்எல் மென்பொருளில் உள்ள 'ரீஓரியன்ட் டு ஸ்டாண்டர்ட்' கருவியைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அது படத்தை 90 பாகைப் படிகளில் திருப்பி, பார்வைக்கு டெம்ப்ளேட் (பொதுவான மாதிரி மூளைப் படம்) நிற்கும் திசையில் நிறுத்துகிறது. டெம்ப்ளேட்டோடு பொருத்துவதும் இல்லை, தவறிப்போன இட-வலத்தைச் சரிசெய்வதும் இல்லை.

மண்டையோட்டை நீக்கும் படியில் எஃப்எஸ்எல்லின் பெட் கருவியில் வெட்டும் வரம்பின் இயல்பு மதிப்பு 0.5. அதைக் குறைத்தால் மூளை பெரிதாக எஞ்சும், கூட்டினால் சுருங்கும். கழுத்துவரை எடுத்த படத்தை அப்படியே கொடுத்தால் மையப்புள்ளி கீழே இழுபட்டு, உச்சி வெட்டுப்படும். முதலில் கழுத்தை நறுக்கிவிட்டுக் கொடுங்கள். பெட் வழக்கமாகக் கடித்துவிடும் இடங்கள் பொட்டெலும்பு மடலின் நுனியும் கண்குழிக்கு மேலுள்ள முன்மடலும். வழக்கமாக விட்டுவைப்பது கண்களும் ட்யூரா உறையும். ஃப்ரீசர்ஃபரின் சின்த்ஸ்ட்ரிப் கருவி இந்த விஷயத்தில் குறைவாகத் தொல்லை கொடுக்கிறது. சிக்னலை வாங்கும் காயிலுக்கு அருகில் வெளிச்சம் கூடிப்போன படமாக இருந்தால், திசுப் பிரிப்புக்கு முன் என்4 வெளிச்சத் திருத்தம் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஓரத்தில் உள்ள சாம்பல் திசு வெண்திசுவாக எண்ணப்படும்.

லேபிள் எண்கள்

தலாமஸ், புட்டாமென், ஹிப்போகேம்பஸ் போன்ற உட்பகுதிகளுக்கு அந்தந்த நபரின் படத்திலேயே தானியங்கிப் பிரிப்பு செய்வதுதான் இன்று பெரும்பாலோர் வழி. ஃப்ரீசர்ஃபரின் முழு ஓட்டம் பல மணி நேரம் எடுக்கும். முடிவில் வரும் ஏசெக் என்ற லேபிள் கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண். இடது தலாமஸ் 10, காடேட் 11, புட்டாமென் 12, பாலிடம் 13, மூளைத்தண்டு 16, ஹிப்போகேம்பஸ் 17, அமிக்டலா 18. வலப்பக்கத்தில் தலாமஸ் 49, காடேட் 50, புட்டாமென் 51, பாலிடம் 52, ஹிப்போகேம்பஸ் 53, அமிக்டலா 54. மூளையின் வெளி அடுக்கான புறணியின் பகுதிகள், ஏபார்க்+ஏசெக் என்ற கோப்பில், இடப்பக்கம் 1000-களிலும் வலப்பக்கம் 2000-களிலும் வரும். இயக்கத்துக்கான ப்ரீசென்ட்ரல் மேடு 1024, 2024. எண்ணை வைத்தே தேடுங்கள், பெயரை வைத்துத் தேட வேண்டாம். பழைய பதிப்புகளில் 'தலாமஸ் ப்ராப்பர்' என்றிருந்தது 7-ஆம் பதிப்பில் 'தலாமஸ்' என்றாகிவிட்டது. பெயரைத் தேடும் பழைய ஸ்கிரிப்ட் தலாமஸே இல்லை என்று சொல்லும்.

இடது ஹிப்போகேம்பஸை எடுக்க எஃப்எஸ்எல் மேத்ஸ் கட்டளையில் கீழ்வரம்பு 17 என்று மட்டும் கொடுத்தால், 17-உம் அதற்கு மேலான எல்லா எண்களும் வந்துவிடும். வலது அரைக்கோளம் முழுவதும் அதில் அடக்கம். கீழ்வரம்பு 17, மேல்வரம்பு 17, பிறகு பைனரி (0, 1 மட்டும்) ஆக்குதல் என்று மூன்றும் வேண்டும். ஃப்ரீசர்ஃபரின் பைனரைஸ் கருவியில் 'மேட்ச்' என்று கேட்டு 17 கொடுப்பது இன்னும் நேரடியானது. எடுத்தவுடன் கன அளவைப் பாருங்கள். ஆரோக்கியமான வயதுவந்தவரில் ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் சுமார் 3 முதல் 4.5 மில்லிலிட்டர், அமிக்டலா ஒன்றரை மில்லிலிட்டரை ஒட்டி. ஹிப்போகேம்பஸ் 5.5 என்று வந்தால் அமிக்டலாவும் சேர்ந்து வந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சேமிக்கும் வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. லேபிள் படத்தை 8 பிட் முழு எண்ணாகச் சேமித்தால் 255-க்கு மேல் இடமில்லை. சில நிரல்கள் அந்த இடத்தில் 256-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளும். 1024 என்பது 256-இன் சரியான நான்கு மடங்கு. மீதி 0. அதாவது இடது ப்ரீசென்ட்ரல் மேடு முழுதாகப் பின்னணியில் கரைந்துபோகும். வலது 2024-க்கு மீதி 232, அது அங்கேயே நிற்கும். இயக்கப் புறணி ஒரு பக்கம் மட்டும் காணாமல்போன படத்தைப் பார்ப்பவர் நோயாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார். புறணி லேபிள்களுக்கு 16 பிட் வேண்டும். பைனரி ஆக்கிய பிறகு 8 பிட் தாராளமாகப் போதும்.

நிபேபல் என்ற பைத்தான் நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு: மாஸ்க்கைச் சேமிக்கும்போது மூலப் படத்தின் அஃபைனை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஹெட்டரை அப்படியே நகலெடுத்தால் அதன் தரவு வகையும் கூடவே வரும். தரவு வகையைக் கையால் மாற்றி எழுதிவிட்டுச் சேமியுங்கள்.

ஒரு வெளியிலிருந்து இன்னொரு வெளிக்கு

ஃப்ரீசர்ஃபர் உள்ளே வாங்கும் எந்தப் படத்தையும் இயல்பாக 256×256×256 கட்டத்துக்கு, 1 மில்லிமீட்டருக்கு, தனக்கேயான அச்சுத் திசைக்கு மாற்றிக்கொள்கிறது. நம் மூலப் படம் 176×240×256 என்று இருந்தால் அதிர்ஷ்டம்: மாஸ்க்கைப் பெருக்கும்போது அளவு பொருந்தவில்லை என்று நிரல் நின்றுவிடும். மூலப் படமும் 256 கனசதுரமாக இருந்தால்தான் ஆபத்து. அச்சுகள் வேறு, அளவு ஒன்று. பெருக்கல் நடக்கும், விடையும் வரும், விடை குப்பையாக இருக்கும். 'லேபிள் டு வால்யூம்' கருவியில் மூலப் படத்தை வார்ப்பாகக் கொடுத்து, ஹெட்டர் வழிப் பொருத்தத்தோடு திரும்பக் கொண்டுவருவதே சரியான வழி.

படத்தை நகர்த்தும்போது இடைக்கணிப்பு (இடையில் விழும் புள்ளிக்கு மதிப்பு கணிக்கும் முறை) என்ன என்று கேட்காமல் எந்தக் கட்டளையையும் ஓட்டாதீர்கள். சாம்பல் அளவுகளுக்கு நேரியல் இடைக்கணிப்பு சரி. லேபிள் எண்களுக்கு அது அபத்தம். புட்டாமென் 12, அதை ஒட்டியுள்ள இடது வெண்திசு 2. இரண்டுக்கும் நடுவில் விழும் வோக்சலுக்குச் சராசரி 7. ஏசெக் பட்டியலில் 7 என்பது இடது சிறுமூளையின் வெண்திசு! பெருமூளையின் நடுவில் சிறுமூளை ஒரு மெல்லிய தோலாக முளைத்துவிடும். லேபிள் படங்களுக்கு அண்மை வோக்சல் முறை, அல்லது ஆன்ட்ஸ் என்ற படம் பொருத்தும் மென்பொருளில் உள்ள ஜெனரிக் லேபிள் முறை. ஒரே ஒரு பகுதி, அதுவும் பைனரி மாஸ்க் என்றால் வேறொரு நல்ல வழி இருக்கிறது. அதைத் தசம எண்ணாக்கி நேரியல் முறையில் நகர்த்தி, பிறகு 0.5-இல் வெட்டுவது. அண்மை முறையில் வரும் படிக்கட்டு ஓரம் இதில் குறையும்.

அட்லஸிலிருந்து (பகுதிகள் ஏற்கெனவே குறிக்கப்பட்ட மூளை வரைபடத்திலிருந்து) மாஸ்க் எடுப்பவர்களுக்கு ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்டு அட்லஸ் பழக்கமானது. அதில் 48 புறணிப் பகுதிகள். கூடவே வரும் பெயர்ப் பட்டியலில் எண்கள் 0-இல் தொடங்கும். அதிகபட்ச நிகழ்தகவுப் படத்தில் பகுதிகள் 1-இல் தொடங்கும், ஏனென்றால் அங்கே 0 பின்னணி. பட்டியலைப் பார்த்து அதே எண்ணைப் போட்டால் பட்டியலில் ஒரு வரி முன்னால் உள்ள பகுதி வந்துவிடும். அட்லஸின் வரிசையில் அடுத்தடுத்து இருப்பவை பலசமயம் மூளையிலும் அடுத்தடுத்து இருப்பதால், படத்தைப் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது. 0, 25, 50 சதவீத நிகழ்தகவு வரம்பு வடிவங்களில் 0 வடிவம் தாராளமாகப் பரந்து வெண்திசுவுக்குள்ளும் போகும். 25 வழக்கமான தேர்வு.

எம்என்ஐ என்ற பொது மூளை வெளியின் பெயரிலும் ஏமாறலாம். எஃப்எஸ்எல்லோடு வரும் எம்என்ஐ152 டெம்ப்ளேட் 1 மில்லிமீட்டரில் 182×218×182. எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற செயலாக்க நிரல் இயல்பாகத் தரும் 2009சி டெம்ப்ளேட் 193×229×193. இரண்டையும் எம்என்ஐ என்றே எல்லோரும் சொல்கிறோம். ஒன்றின் மாஸ்க்கை மற்றதன் கட்டத்துக்கு மறுமாதிரி எடுத்தால் கட்டம்தான் பொருந்தும், உடற்கூறு பொருந்தாது. இடத்துக்கு இடம் சில மில்லிமீட்டர் விலகும். ஏஏஎல் அட்லஸின் கதையே வேறு. அது காலின்27 என்ற ஒரே மனிதரின் மூளையில் வரையப்பட்டது.

அட்லஸை நபரின் வெளிக்குக் கொண்டுவரும்போது ஆன்ட்ஸில் நேர் உருமாற்றத்தின் தலைகீழ் தேவை. நபரின் படம் நகரும் படமாகவும் டெம்ப்ளேட் நிலையான படமாகவும் பொருத்தியிருந்தால், கட்டளையில் முதலில் தலைகீழாக்கிய அஃபைன், அதன்பின் இன்வர்ஸ் வார்ப் கோப்பு. கடைசியில் எழுதியது முதலில் செயல்படும் என்பதால் இந்த வரிசை. மாற்றி எழுதினால் மாஸ்க் எங்கோ வானத்தில் போய் விழாது. சில மில்லிமீட்டர் மட்டும் தள்ளி உட்காரும். அதுதான் மோசம். பொருத்தம் சரியா என்று பார்க்க மூளையின் வெளி ஓரத்தை நம்ப வேண்டாம், அது எப்போதும் அழகாகவே பொருந்தும். பக்க வென்ட்ரிக்கிள்களின் (திரவ அறைகளின்) ஓரம், சிறுமூளைக்கு மேலுள்ள கூடாரம், மையப் பிளவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

புறணி மடிப்புகளுக்கு வால்யூம் அட்லஸ் பலவீனமான கருவி. கேட்டலுக்கான ஹெஷல் மேடு பலருக்கு ஒரு பக்கத்தில் இரண்டாக இருக்கும். எந்த வளைப்பும் ஒன்றை இரண்டாக்காது. அங்கே மேற்பரப்பு வழிப் பொருத்தமோ கையோதான்.

கையால் வரையும்போது

ஐடிகே-ஸ்னாப் என்ற வரையும் மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது. ஹிப்போகேம்பஸை கரோனல் (முன்-பின்னாகப் பிரிக்கும்) ஸ்லைஸில் வரைவது வழக்கம். அதிலும் அதன் நீள அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தைத் திருப்பிக்கொண்டால் உடல் பகுதியின் குறுக்குவெட்டு ஒவ்வொரு ஸ்லைஸிலும் ஒரே மாதிரி தெரியும். தொடங்குவது உடல் பகுதியில். எல்லை தெளிவாக இருக்கும் இடம் அது, கண் பழகும். பிறகு வால், கடைசியாகத் தலை. தலையிலிருந்து தொடங்குகிறவர்கள் முதல் நாளிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

ஹிப்போகேம்பஸின் தலைக்கும் அமிக்டலாவுக்கும் இடையிலான எல்லைதான் உண்மையான சிக்கல். கரோனலில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் திட்டு. சஜிட்டல் (பக்கவாட்டு) பார்வைக்கு மாறினால், அமிக்டலா மேலும் முன்னும், ஹிப்போகேம்பஸ் கீழும் பின்னும் இருப்பதும், நடுவில் ஆல்வியஸ் என்ற மெல்லிய வெண்கோடும், சில இடங்களில் வென்ட்ரிக்கிளின் டெம்பொரல் கொம்பிலிருந்து வரும் கருப்புத் திரவமும் தெரியும். சஜிட்டலில் அந்தக் கோட்டை முதலில் ஒரு தனி லேபிளால் போட்டுவிட்டு, கரோனலுக்குத் திரும்பி அதற்கு மதிப்புக் கொடுத்து வரையுங்கள். வால் எங்கே முடிகிறது, ஆல்வியசும் ஃபிம்ப்ரியா என்ற வெண்நார்க் கற்றையும் உள்ளேயா வெளியேயா, பக்கத்திலுள்ள சபிகுலம் பகுதியின் உள்ளோரம் எங்கே என்பவற்றையெல்லாம் முதல் மூளையைத் தொடுமுன் எழுதிவைக்க வேண்டும். பத்தாவது மூளையில் மனம் மாறினால் முதல் ஒன்பதையும் திரும்ப வரைய நேரிடும். புதிதாக விதி எழுதுவதைவிட, அல்சைமர் ஆய்வுகளுக்காக உருவான ஹார்ப் நெறிமுறை போல ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

திரையின் வெளிச்சமும் கான்ட்ராஸ்ட் வரம்பும் எல்லா மூளைக்கும் ஒரே விதியில் இருக்க வேண்டும். வரம்பைச் சற்று இறுக்கினாலே எல்லை ஒரு வோக்சல் உள்ளே நகர்ந்ததுபோலத் தெரியும். கரோனலில் முடித்தபின் சஜிட்டலில் பார்த்தால் ரம்பப் பல்லாகத் தெரியும், அதைத் திருத்துவதும் வேலையின் பகுதிதான். முப்பரிமாணக் காட்சியில் தனித்து மிதக்கும் வோக்சல்கள் தெரியும். தொடர்புள்ள துண்டுகளை எண்ணிப் பார்த்து, பெரியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தானியங்கி மாஸ்க்கைத் திருத்துகிறவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் ஏறக்குறைய நிலையானது. ஹிப்போகேம்பஸ் மாஸ்க் வென்ட்ரிக்கிளுக்குள் உள்ள கோராய்ட் பின்னலைக் கொஞ்சம் விழுங்கும். புட்டாமென் வெளிப்பக்கம் கிளாஸ்ட்ரம் என்ற மெல்லிய சாம்பல் தகட்டை நோக்கிக் கசியும். பாலிடம் டி1-இல் வெண்திசுவைப் போலவே தெரிவதால் அதன் எல்லை பாதிக்குமேல் முன்னறிவுதான். வென்ட்ரிக்கிள் பெரிதாகிப்போன முதியவர் படங்களில் காடேட்டைச் சுற்றி எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். 1 மில்லிமீட்டர் டி1-ஐ மட்டும் வைத்து ஹிப்போகேம்பஸின் உட்பகுதிகளைப் பிரித்துத் தரும் கருவிகளின் வெளியீடு கண்ணுக்கு அழகு, ஆனால் உள் அடுக்குக் கோடு அந்தப் படத்தில் கிட்டத்தட்டத் தெரியாது. அதற்கென்று எடுத்த உயர் தெளிவு டி2 படம் வேண்டும்.

இரண்டு பேர் வரைந்ததை ஒப்பிட டைஸ் குறியீடு. பொது வோக்சல்களின் இருமடங்கை, இரண்டு மாஸ்க்குகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. இந்த எண் பகுதியின் அளவைச் சார்ந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 15 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தைச் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் குறைத்து வரைந்தால் டைஸ் சுமார் 0.90. அதே தவறை 5 மில்லிமீட்டர் ஆரக் கோளத்தில் செய்தால் 0.68. கை ஒன்றுதான், பிழையும் ஒன்றுதான். அமிக்டலாவில் 0.8 வாங்கியவரை தலாமஸில் 0.9 வாங்கியவரோடு ஒப்பிட்டுக் குறைசொல்ல முடியாது. எல்லை எவ்வளவு தூரம் விலகியது என்பதைக் காட்டும் ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும், அதிலும் 95-ஆவது சதமானத்தை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செயல்பாட்டுப் படங்களுக்கு எடுத்துப்போகும்போது

செயல்பாட்டு எம்ஆர்ஐயின் (எஃப்எம்ஆர்ஐ) 3 மில்லிமீட்டர் வோக்சல் ஒன்றில் 1 மில்லிமீட்டர் வோக்சல்கள் 27 அடங்கும். ஒன்றரை மில்லிலிட்டர் அமிக்டலா அங்கே 55 வோக்சலாகச் சுருங்கிவிடும், அவற்றில் பெரும்பகுதி ஓரத்தில் இருப்பவை. எந்த வரம்பில் வெட்டுகிறோம் என்பது இங்கே முடிவையே மாற்றும். மேலும் அமிக்டலாவும் கண்குழி மேல் முன்மடலும் காற்றறைகளுக்கு அருகில் இருப்பதால் செயல்பாட்டுப் படத்தில் சிக்னல் அங்கே விழுந்துபோகும். மாஸ்க்கில் 55 இருக்கும், சிக்னல் இருப்பது அதைவிடக் குறைவானவற்றில்தான். மாஸ்க்கைச் செயல்பாட்டுப் படத்தின் சிக்னல் உள்ள பகுதியோடு வெட்டி, எத்தனை வோக்சல் மிஞ்சியது என்பதை ஒவ்வொரு நபருக்கும் பதிவுசெய்யுங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு எடுக்கும் வெண்திசு, மூளைத் தண்டுவடத் திரவ மாஸ்க்குகளை ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு வோக்சல் அரித்துவிடுவது வழக்கம். ஆனால் 3 மில்லிமீட்டரில் அரித்தால் வென்ட்ரிக்கிளே மிஞ்சாது. 1 மில்லிமீட்டரில் அரித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

பக்கவாதம், கட்டி போன்ற புண் உள்ள மூளைகளில் வளைப்புப் பொருத்தம் அந்தப் புண்ணையும் சரிப்படுத்த முயலும். அதைச் சுருக்கி, பக்கத்துத் திசுவை உள்ளே இழுக்கும். புண்ணைக் கையால் வரைந்து, அந்த இடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று பொருத்தும் கருவிக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நடைமுறைக் குழப்பம்: சில கருவிகள் புண்ணை 0 ஆகவும் மற்றவற்றை 1 ஆகவும் கேட்கும். தலைகீழாகக் கொடுத்தால் புண்ணை மட்டும் வைத்துப் பொருத்தும்.

பல நபர்களின் மாஸ்க்குகளைச் சரிபார்க்க, ஒவ்வொருவருக்கும் மூன்று பார்வையிலும் சில ஸ்லைஸ்கள் கொண்ட ஒரே படம் போதும். மாஸ்க்கை நிரப்பிக் காட்டாமல் ஓரக்கோடாக மட்டும் காட்டுங்கள். நிரப்பினால் அடியில் உள்ள தவறு மறையும். நூறு படங்களை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கூடவே இட, வல கன அளவுகளை ஒரு அட்டவணையில் போடுங்கள். சராசரியிலிருந்து வெகுவாக விலகியவர்களை முதலில் திறங்கள். ஆரோக்கியமானவர்களின் குழுவில் வலது ஹிப்போகேம்பஸ் இடதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது சராசரிப் போக்கு. ஒரு நபரிடம் அது மாறியிருந்தால் ஒன்றுமில்லை. குழு முழுவதுமே மாறி நின்றால் மாஸ்க்கைத் தொடாதீர்கள், டைகாமிலிருந்து மாற்றிய இடத்துக்குத் திரும்பிப் போய், மாத்திரை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பாருங்கள்.